அக்காவின் ஊற்றும் அத்தானின் டம்ளரும்

என் அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அந்த டம்ளரிலிருந்துதான் தொடங்க வேண்டும். அக்கா கல்யாணத்துக்கு எங்கள் அப்பா வாங்கிக் கொடுத்த ஆறு கண்ணாடி டம்ளர்களில் ஒன்று அது. விளிம்புக்குக் கீழே மெல்லிசாக ஒரு நீலக்கோடு ஓடும். மற்ற ஐந்தும் அலமாரியில் இருக்க, இந்த ஒன்றை மட்டும் அத்தான் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார். வீட்டுக்கு ஆறு விருந்தாளிகள் வந்தால் ஆறாமவருக்குப் பீங்கான் கோப்பைதான். செட் பிரிந்துபோச்சு என்று அக்கா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

தினமும் காலையில் வெயில் கரைமேல் எட்டிப் பார்க்கும் நேரத்துக்கு அத்தான் டம்ளரோடு கிளம்புவார். வீட்டுக்குப் பின்னால் சிறிது தூரத்தில் அவருடைய மண் அணை. அணையின் அடிவாரத்தில் அக்காவின் தோட்டம். தோட்டத்தின் மேல்மூலையில், இரண்டு கற்களுக்கு நடுவே, சுண்டுவிரல் தடிமனுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். அங்கே குந்தி உட்கார்ந்து டம்ளரைப் பிடிப்பார். நிரம்பியதும் எழுந்து, சூரியனுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பிறகு பக்கத்தில் நிற்கும் செடிக்கு ஊற்றிவிட்டுத் தேநீர் குடிக்க வந்துவிடுவார். அந்தத் தண்ணீரில் ஒரு வாய் அவர் குடித்து நான் பார்த்ததில்லை.

கண்ணுக்கு நல்லது என்று எவரோ சொல்லிக் கொடுத்த பயிற்சி என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். அது அவருக்கு ஒரு வியாதி, விட்டுவிடுங்கள் என்பாள் அக்கா. தண்ணீருக்கு ஜோசியம் பார்க்கிறீர்களா என்று நான் கேட்பேன். "நீ துணியப் பாரும்மா, தண்ணிய நான் பாத்துக்கறேன்" என்பார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது.

நான் தையல்காரி. நகரத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் கடை, கடைக்கு மேலேயே வீடு. வார விடுமுறைக்குப் பஸ் ஏறி அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன். மச்சினி என்ற உரிமையில் அத்தானை வம்புக்கு இழுப்பதுதான் எனக்கு அங்கே முழுநேர வேலை. ஆனால் அவரோ பிடி கொடுக்காத ஆள். என் பாதிப் பேச்சு சுவரில் எறிந்த பந்தாகத் திரும்பி என்மேலேயே விழும்.

அவர் முதலில் சாலை போடும் வேலையில் ரோலர் ஓட்டினார். மண்ணை எவ்வளவு நனைக்க வேண்டும், எத்தனை தடவை அமுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தொழில். அவருடைய அப்பா விட்டுப்போன நிலம் ஒரு பள்ளத்தாக்கு. மழைக்காலத்தில் நடுவே ஓர் ஓடை ஓடும், மற்ற மாதங்களில் அங்கே தூசிதான். எல்லாரும் வீடு கட்டுவார்கள், கடை கட்டுவார்கள். இவர் அணை கட்டப் போகிறேன் என்றார். ஊர் சிரித்தது. மண்வேலைக் காண்ட்ராக்டர் ஒருவர் அவருக்குக் கூட்டாளி. அவருடைய இயந்திரங்களும் இவருடைய ரோலருமாகச் சேர்ந்து, நடுவில் களிமண் வைத்து, அடுக்கடுக்காக அமுக்கி, ஓடைக்குக் குறுக்கே கரையை எழுப்பிவிட்டார்கள். ஒரு பக்கம் மதகு, இன்னொரு பக்கம் உபரித் தண்ணீர் வழிந்துபோக வாய்க்கால். அரசாங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சொந்தப் பணம், சொந்த மண், சொந்த அணை. அவர் நிலத்துக்குப் பாய்ந்தது போகக் கீழே நான்கு குடும்பத்து வயல்களுக்கும் அந்தத் தண்ணீர்தான். அதற்குப் பதிலாக அவர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை கரைப் புல்லை வெட்டிக் கொடுப்பார்கள்.

அந்தக் கரைமேல் அவருக்கு இருந்த அக்கறையைப் பார்த்தால் பெற்ற பிள்ளை தோற்றுப்போகும். எலி வளை இருக்கிறதா, நண்டு ஓட்டை இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சுற்றுவார். கரையில் ஒரு மரக்கன்று முளைத்தால் போதும், வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் மறுவேலை. வேர் செத்தால் அந்த வழியே தண்ணீர் போகும் என்பார். உலகமே மரம் நடச் சொல்லும்போது இவர் ஒருத்தர் பிடுங்கிக்கொண்டு திரிகிறாரே என்று நான் கேட்டபோது அவர் அடுத்த கன்றுக்குக் குனிந்துவிட்டார்.

அக்காவுக்கு ஆரம்பத்தில் அந்த அணையைக் கண்டாலே ஆகாது. நாங்கள் நகரத்தில் நான்கு பக்கமும் வீடுகள் நெருக்கியடித்த தெருவில் வளர்ந்தவர்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் குழம்பு வாசனை வரும். அப்படிப்பட்டவளை, இயந்திரச் சத்தத்துக்கும் சிவப்புத் தூசிக்கும் நடுவே, கூப்பிட்ட குரலுக்கு யாரும் வராத ஒரு வீட்டில் கொண்டுபோய் விட்டால் என்ன செய்வாள்? கணவரோ பகல் முழுக்க மண்ணோடு பேசிவிட்டு மாலையில் ஊமையாகத் திரும்பி வருபவர்.

அக்கா தன் பெட்டியைப் பிரிக்கவில்லை. பச்சைநிறப் பெரிய தோல்பெட்டி அது, கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. காலையில் அதிலிருந்து துணியை எடுத்து உடுத்துவாள், துவைத்துக் காய்ந்ததும் மடித்து அதிலேயே வைத்துப் பூட்டுவாள். அத்தான் அவளுக்கென்று வாங்கிப்போட்ட அலமாரி காலியாகவே நின்றது. இரண்டு தடவை பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு தடவையும் அப்பா சமாதானம் சொல்லிக் கொண்டுபோய் விட்டார். மூன்றாவது தடவை வந்தால் திரும்பிப் போக மாட்டேன் என்று என்னிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் அத்தானுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? ஒரே அறையில் படுக்கிறவர், கட்டிலுக்கு அடியில் குனிந்து செருப்பு எடுக்கிறவர்.

அணை முதல் தடவை நிரம்பிய மழைக்காலத்துக்குப் பிறகுதான் அந்த ஊற்று வந்தது. கரைக்குக் கீழே காய்ந்து கிடந்த மண் ஒரு நாள் ஈரமாக இருந்தது. அக்கா அழுகின தக்காளிகளை அங்கே கொட்டியிருந்தாள், அவை முளைத்துவிட்டன. அவள் போய்ப் பார்த்தாள். மறுநாளும் போனாள். கற்களை ஒதுக்கி, தண்ணீர் வரும் வழியைச் சுத்தம் செய்து, பாத்தி கட்டினாள். மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லாத கை கொப்பளித்துப்போனதை எனக்குக் காட்டிப் பெருமைப்பட்டாள். பீன்ஸ், முள்ளங்கி, கீரை, வேலியோரம் சாமந்தி என்று வைத்ததெல்லாம் பிடித்துக்கொண்டன. கோடையில் ஊரெல்லாம் காய்ந்தபோதும் அந்த ஒரு துண்டு நிலம் பச்சையாக இருந்தது.

அடுத்த தடவை நான் போனபோது பச்சைப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இல்லை. உள்துணியைக் கிழித்து, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, அதில் நாற்று விட்டிருந்தாள். துணிகளெல்லாம் அலமாரிக்கு ஏறியிருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்றுக்கு நல்ல ஆழம் வேண்டும், வேறு பெட்டி கிடைக்கவில்லை என்றாள் அக்கா, என் முகத்தைப் பார்க்காமலே.

அதற்குப் பிறகு அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது. நீங்கள் இவ்வளவு பாடுபட்டு, இத்தனை இயந்திரம் வைத்து, ஒரு குளத்தைக் கட்டினீர்கள்; எனக்குப் பூமியே தண்ணீர் கொடுக்கிறது என்று அத்தானைச் சீண்டுவாள். யார் வந்தாலும் தோட்டத்துக்கு அழைத்துப்போய், "இது என் ஊத்து. இவர் அணையிலேந்து ஒரு சொட்டுகூட நான் வாங்கல" என்பாள். அத்தான் பக்கத்திலேயே நின்று, காதில் விழாத மாதிரி கரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வருஷக்கணக்காக இந்தக் கூத்து நடந்தது. எங்களுக்கும் வயசாயிற்று.

அத்தானுடைய கண்ணில் ஏதோ கோளாறு என்பது எனக்கு முதலில் வேடிக்கையாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் நகரத்துக்கு வந்தவர் கடைக்குள் நுழைந்ததும், பாதி தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு மூலையில் நிற்கும் துணிப் பொம்மையைப் பார்த்து, "வாங்க, எப்ப வந்தீங்க?" என்று விசாரித்தார். அது பதில் சொல்லாததால் இன்னும் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஒரு வாரம் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் இதுதான் கதை. வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

பிறகு அந்தக் காலை வந்தது. முந்தின மாலையே நான் வந்திருந்தேன். அக்கா விடியும்போதே காய்கறிக் கூடையோடு சந்தைக்குப் போய்விட்டாள். நான் பின்கட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் இரையும் சத்தம் கேட்டது. வழக்கமாக மதகுச் சக்கரத்தை இரண்டு சுற்று திறந்தால் வயல்களுக்குப் போதும். இந்தச் சத்தம் அப்படி இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். சக்கரத்தை அது திரும்புகிற மட்டும் திருப்பி விட்டுவிட்டு, அத்தான் அதைப் பிடித்தபடி நின்றிருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. வாய்க்கால் கொள்ளாமல் தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து ஓடியது. நான் பேசப் போனதும் கையைக் காட்டி அடக்கிவிட்டார்.

கீழேயிருந்து மிளகாய்க்காரர் முழங்கால் வரை சேற்றோடு ஏறி வந்தார். அணைக்கு நேர் கீழே வீடும் வயலும் உள்ளவர் அவர். விளைவிப்பது மிளகாய், பேச்சிலும் அதே காரம் இருக்கும். பூ வைத்து நிற்கும் செடிகளுக்கு அடுத்த மழை வரை இந்தத் தண்ணீரைத்தான் நம்பியிருந்தார். இப்படி மொத்தமாகத் திறந்துவிட என்ன வந்தது என்று கேட்டார்.

"கலங்கி வருது" என்றார் அத்தான். எது என்று மிளகாய்க்காரர் கேட்டதும், கரைமேல் வைத்திருந்த டம்ளரை எடுத்து நீட்டினார்.

மிளகாய்க்காரர் பார்த்தார். ஒன்றும் புரியாமல் என்னிடம் கொடுத்தார். நானும் பார்த்தேன். அந்தப் பக்கத்து நீலக்கோடு தெரிந்தது. டம்ளருக்குப் பின்னால் என் உள்ளங்கை ரேகைகூடத் தெரிந்தது.

"தெளிவாத்தானே இருக்கு, அத்தான்."

அவர் டம்ளரை வாங்கிச் சட்டையில் துடைத்து, மறுபடி வெயிலுக்குத் தூக்கினார். "இது கலங்கல் இல்லையா?" என்று என்னைக் கேட்டார். அவர் என்னிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை. கடையில் நின்ற துணிப் பொம்மை ஞாபகம் வந்தது. என் முகம் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். புகைக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது என்றார். எத்தனை நாளாக என்றேன். எல்லாமே கொஞ்ச நாளாக அப்படித்தான், இந்த வருஷம் பனி அதிகம் என்று நினைத்தேன் என்றார்.

மூன்று பேருமாகச் சேர்ந்து சக்கரத்தைத் திருப்பினோம். தண்ணீரின் வேகத்தில் இறுகிப்போயிருந்த அதை அடைத்து முடிக்க மதியமாகிவிட்டது; அதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. கண் தெரியாதவர் கையில் மதகு இருந்தால் இப்படித்தான் என்று மிளகாய்க்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. கலங்கினால் என்ன, தெளிந்தால் என்ன என்று நானும் அப்போது கேட்கவில்லை; கண்ணைப் பற்றிய கவலையே பெரிதாக இருந்தது.

கண்புரை முற்றியிருந்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து, என் வீட்டு மாடி அறையில் கறுப்புக் கண்ணாடியோடு அத்தானைப் படுக்க வைத்தேன். அக்கா வீட்டுக்கும் இங்கேயுமாக அலைந்தாள். ஒரு நாள் மதியம் வந்தவள் கூடையைக்கூட இறக்காமல், ஊற்று நின்றுவிட்டது என்றாள். தக்காளியெல்லாம் தலை தொங்கிவிட்டது. எத்தனையோ கோடையில் வற்றாதது இப்போது ஏன் வற்ற வேண்டும் என்று என்னைக் கேட்டாள். அத்தான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் காண்ட்ராக்டர் ஆரஞ்சுப் பையோடு நோயாளியைப் பார்க்க வந்தார். அணையைத் திறந்துவிட்ட செய்தி அவருக்கு எட்டியிருந்தது. அக்கா ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள். நான் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு விதத்துல நல்லதாப் போச்சுப்பா. தண்ணி இறங்கின கையோட அந்தக் கசிவ மூடிடலாம். கட்டின புதுசுலயே நான் தலையால அடிச்சுக்கிட்டேன், நீதான் கேக்கல."

"எந்தக் கசிவு?" என்றாள் அக்கா.

"அதாம்மா, கரை அடியில. நீங்க தக்காளி போட்டிருக்கீங்களே, அந்த இடம்."

பாவம், அவருக்கு எதுவும் தெரியாது. வாடிக்கையாளருக்கு விளக்குகிற மாதிரி விளக்கிக்கொண்டே போனார். மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும்; அணையில் தண்ணீர் இறங்கினால் அதுவும் நின்றுவிடும். தெளிவாக வரும் வரை பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளேயிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். உள்ளே பொந்து விழும், ஒரு நாள் கரையே போய்விடும். அதனால்தான் மணலும் சல்லிக்கல்லும் போட்டு மூடி, குழாய் வைத்துத் தண்ணீரை வெளியே எடுக்கச் சொன்னேன் என்றார். அக்காவின் முகத்தைப் பார்த்துத் தேநீரைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்.

அக்கா சுளைகளைத் தட்டில் வைத்து, தட்டை அத்தான் பக்கத்தில் தள்ளினாள்.

"நான் ஊத்து ஊத்துன்னு ஊரெல்லாம் சொன்னப்ப நீங்க ஏன் வாயத் தொறக்கல?"

அத்தான் எழுந்து உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் எங்கே பார்க்கிறார் என்று தெரியவில்லை. நான் அறையை விட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

"மூடணும்னுதான் அன்னைக்கு மண்வெட்டியோட வந்தேன். நீ அங்க உக்காந்து நாத்துக்குத் தண்ணி விட்டுக்கிட்டிருந்த. வாய்க்குள்ள ஏதோ பாடிக்கிட்டு. நம்ம வீட்டுக்கு வந்ததுலேந்து நீ பாடி நான் கேட்டதில்ல." கறுப்புக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "அப்போ உன் பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. இத மூடினா நீ அதத் தூக்கிடுவியோன்னு பயந்துட்டேன்."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவர் டம்ளரைத் தூக்கிய அத்தனை காலைகளும் ஒரேயடியாக எனக்குப் புரிந்தன. அக்காவும் உருகிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் உருகவில்லை.

"கீழ மிளகாய்க்காரர் வீடு இருக்கு. பிள்ளைங்க இருக்காங்க. அது ஞாபகம் இருந்துச்சா?"

"அதுக்குத்தான் தெனமும் பாத்தேன்."

"கண்ணு தெரியாதப்பவும் பாத்தீங்க" என்றாள் அக்கா.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. கண் மங்கியதால் தெளிந்த தண்ணீர் அவருக்குக் கலங்கலாகத் தெரிந்தது, சரி. தண்ணீர் உண்மையிலேயே கொஞ்சமாகக் கலங்கத் தொடங்கியிருந்தால், அந்தப் புகைக்குள் அதை அவர் கண்டுபிடித்திருப்பாரா? இவ்வளவு நேரம் நான் அதை அன்பு என்று நினைத்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மனைவியிடம் ஒரு வார்த்தை பேசக் கூச்சப்பட்டு, அடுத்த வீட்டுக்காரன் தலைக்கு மேலே ஓர் அணையைத் தொங்கவிட்டவரை மெச்சிக்கொள்ள எனக்கு இன்றைக்கும் வாய் வரவில்லை. பேசினால் முத்தா உதிர்ந்துவிடும்? வேறு இடத்தில் உனக்குத் தோட்டம் போட்டுத் தருகிறேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பேசத் தெரியாத மனுஷர்களால் வருகிற வினை, பேசிக் கெடுப்பவர்களால் வருவதைவிடக் குறைவில்லை.

இதை அவர்களிடம் நீங்களே போய்ச் சொல்ல வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். கண்ணாடியைக் கழற்றலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாளே மூவருமாகப் போனோம். மிளகாய்க்காரர் வாசலில் நாற்காலி போட்டார். முற்றத்துக்கு அப்பால் வயலின் பாதிச் செடிகள் பூவை உதிர்த்துவிட்டுச் சுருண்டு நின்றன. அத்தானுக்கு இப்போது அதெல்லாம் பளிச்சென்று தெரியும். அவர் அதைப் பார்த்தபடியே, கசிவைப் பற்றியும் தான் மூடாமல் விட்டதைப் பற்றியும் சொல்லி முடித்தார். ஏன் என்பதைச் சொல்லவில்லை. அக்கா சொன்னாள்.

மிளகாய்க்காரர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"அப்போ இத்தன வருஷமா நானும் என் பிள்ளைங்களும் உங்க டம்ளர நம்பித்தான் தூங்கியிருக்கோம். எங்களுக்குத்தான் அது தெரியல."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த மழைக்கு முன்னால் அது மூடப்பட வேண்டும், இல்லையென்றால் ஆட்களைக் கூட்டிவந்து கரையைத் தானே வெட்டிவிடப் போவதாக மிளகாய்க்காரர் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை, நாளைக்கு வேலை இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். மூடிவிடுகிறேன் என்றார் அத்தான். உங்கள் வீட்டம்மாவின் தோட்டம் என்ன ஆகும் என்று அவர் கேட்டபோது, அத்தான் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"தோட்டத்த நான் பாத்துக்கறேன்" என்றாள் அக்கா.

காண்ட்ராக்டரின் வண்டிகள் வருவதற்கு முன்னால் இரண்டு நாள் அக்காவும் நானும் செடிகளைப் பெயர்த்தோம். உயிரோடு இருந்தவை கொஞ்சம்தான். சாமந்தி வேர்கள், கொஞ்சம் கீரை, நாலைந்து தக்காளிச் செடிகள். கொட்டகையிலிருந்து பச்சைப் பெட்டியை இழுத்து வந்தாள். தோல் உரிந்து, ஒரு பக்கப் பூட்டு காணாமல் போயிருந்தது. செடிகளை அதில் நெருக்கி வைத்து ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். அத்தான் கரைமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பெட்டியோடு நடப்பதை அவர் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். இத்தனை வருஷமாக அவர் பயந்துகொண்டிருந்தது இதுதானே. பெட்டி எந்தப் பக்கம் போகிறது என்று கடைசி வரை பார்த்தார். அது சரிவில் இறங்கி, காண்ட்ராக்டர் குழாய் வாய்க்குக் குறித்து வைத்திருந்த இடத்துக்குக் கீழே போய் நின்றது.

பிறகு மூடினார்கள். முதலில் மணல், அதன் மேல் பொடிச்சல்லி, அதற்கும் மேலே பெரிய சல்லி, கடைசியில் பாறைத்துண்டுகள். தண்ணீர் வரலாம், மண் வரக்கூடாது. அதற்காகத்தான் இந்த அடுக்கு. அக்கா கொப்பளித்த கையோடு கட்டிய பாத்திகள் மாலைக்குள் கல்மேடாகிவிட்டன. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ரகசியமாக அல்ல, எங்களுக்குக் கேட்கிற மாதிரியே அழுதாள். அத்தான் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். சாப்பிடும் நேரம் வந்ததும் அவளே திறந்துகொண்டு வந்தாள்.

அந்த வருஷம் மழை ஒழுங்காகப் பெய்தது. அணை நிரம்பி, சில நாளில் குழாயின் வாயில் தண்ணீர் எட்டிப் பார்த்தது. அதன் பக்கத்தில் அத்தான் ஒரு கம்பத்தை நட்டு, ஒரு கம்பிக் கூடையில் டம்ளரை வைத்துத் தொங்கவிட்டார். யார் வேண்டுமானாலும் பிடித்துப் பார்க்கலாம். மிளகாய்க்காரர் தினமும் வயலுக்குப் போகிற வழியில் பார்த்துவிட்டுத்தான் போகிறார். அத்தானோடு அவர் பழைய மாதிரி பேசுவதில்லை. "தெளிவு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அத்தானும் தலையாட்டுவார். அதற்கு மேல் கேட்க அத்தானுக்கு உரிமை இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

குழாய்க்குக் கீழே தோட்டம் பழையதில் பாதிதான் இருக்கும். ஆனால் பீன்ஸ் அப்படிக் காய்த்துத் தள்ளுகிறது. போன விடுமுறைக்கு எங்கள் சித்தி, பிள்ளைகள், மருமகள்கள் என்று ஒரு பட்டாளத்தோடு வந்திருந்தாள். டம்ளர் பற்றாமல் வழக்கம்போலப் பீங்கான் கோப்பைகளும் இறங்கின. சித்தி தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, உன் ஊற்றுத் தண்ணீருக்கு இருக்கிற ராசி வேறு எங்கேயும் வராது என்று அக்காவைப் பாராட்டினாள். அத்தான் வழக்கம்போலக் கரையைப் பார்க்கத் தொடங்கினார்.

"ஊத்தெல்லாம் ஒண்ணும் கெடையாது சித்தி" என்றாள் அக்கா. "இவர் கட்டின அணை ஒழுகுது. அதுலதான் நான் இத்தன வருஷமா தோட்டம் போட்டுக்கிட்டிருந்தேன். என்கிட்ட சொல்லவே இல்ல, ஊமைக்கோட்டான்."

பட்டாளம் சிரித்தது. அத்தானுக்குக் காது சிவந்துவிட்டது. கரையை ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க. கரை எங்கயும் போயிடாது. நானும்தான்."

அத்தான் உட்கார்ந்தார். தேநீர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.